காப்ஸ்யூலுக்குள் ஒரு கண்ணாடி

படர்தாமரைக்கு எழுதித் தரப்பட்ட இட்ராகோனசோல் காப்ஸ்யூலைத் திறந்து பார்த்த வாசகி ஒருவர், உள்ளே தூளுக்குப் பதிலாகச் சிறு மணிகள் இருப்பது ஏன் என்று கேட்டிருந்தார். அவை சர்க்கரை மணிகள். மருந்து அவற்றின் மேற்பூச்சில், பாலிமர் (நீள்சங்கிலி மூலக்கூறு) ஒன்றுடன் கலந்து, கண்ணாடி நிலையில், அதாவது படிகமாக அடுக்கப்படாமலே உறைந்த திட நிலையில், இருக்கிறது. படிகத்தில் மூலக்கூறுகள் இறுகப் பிணைந்திருப்பதால் இம்மருந்து நீரில் கரைவது மிக அரிது. கண்ணாடியிலிருந்து அவை எளிதில் பிரியும்.

இம்மருந்தைத் தனியே எடுத்து உருக்கினால் இன்னோர் அழகு தெரியும். ஏறத்தாழ 167 டிகிரி செல்சியஸில் உருகி, தெளிந்த பாகாக நிற்கும் அது, ஆறும்போது மீண்டும் படிகமாகாமல் 90 டிகிரி அருகே கலங்கத் தொடங்குகிறது. நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் சாய்வதன் அடையாளம் அது. 74 டிகிரி அருகே அவை அடுக்கடுக்காகவும் அமைகின்றன. திரவம்போல் ஓடியபடியே படிகம்போல் ஒழுங்கும் காட்டும் இத்தகைய நிலைகளுக்குத் திரவப் படிகம் என்று பெயர்; 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கொலஸ்டெரில் பென்சோயேட் என்ற பொருளில் கண்டதும் இவ்வகை நிலைதான். 59 டிகிரி அருகே மருந்து அப்படியே கண்ணாடியாகிறது.

எந்த ஒழுங்கோடு உறைகிறது என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் ஈர்க்கும் கேள்வி. திருவிழாக் கூட்டத்தின் நடுவே நீண்ட மூங்கிலைத் தோளில் தாங்கி நிற்பவரை எண்ணிப் பாருங்கள். மூங்கிலை நின்ற இடத்திலேயே உருட்டிவிடலாம்; முன்முனையைப் பின்பக்கம் கொண்டுவர வேண்டுமானால் சுற்றியிருப்போர் அனைவரும் விலக வேண்டும். மூலக்கூறுக்கும் இந்த இரு அசைவுகள் உண்டு. குளிரக் குளிர, முனைமாறிப் புரளும் அசைவே முதலில் நின்றுபோகிறது. அடுக்குகள் சீராவதற்கு அந்தப் புரளல் தேவை என்பதால், மற்ற அசைவுகள் மிச்சமிருக்கும்போதே அடுக்கொழுங்கு பூட்டப்பட்டுவிடுகிறது. மெல்லக் குளிர்வித்தால் புரளக் கூடுதல் நேரம் கிடைத்து அடுக்குகள் செம்மையாகும், விரைந்து குளிர்வித்தால் குலைவாகவே நிற்கும்; ஒரே பொருளிலிருந்து வெவ்வேறு கண்ணாடிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஓஎல்இடி திரைகளின் ஒளிரும் படலங்களும் கண்ணாடிகளே. அவற்றில் மூலக்கூறுகள் சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து வெளிவரும் ஒளி கூடும், குறையும். பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வாளர் சந்திரசேகரின் குழுவினர் 1977இல் தட்டுவடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்தபோது, பின்னாளில் அத்தகைய மூலக்கூறுகள் எல்சிடி திரைகளின் பார்வைக் கோணத்தை விரிக்கும் படலங்களாகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லி அடிப்படை ஆய்வை முடக்குவது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

வாசகிக்கு ஒரு சொல்: காப்ஸ்யூலை உட்கொள்ளும் நேரத்தில் மட்டும் அட்டையிலிருந்து பிரித்தெடுங்கள். பூச்சுக்குள் ஈரம் புகுந்தால் மூலக்கூறுகள் நெகிழ்ந்து அசையத் தொடங்கும். அசைந்தால் அவை படிகமாக வழி பிறக்கும்.