அந்த நான்கு மணி நேரம்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐஸ் பெட்டியில் ரத்த டியூப்களை அடுக்கி, சூடேறாமல் உடையாமல் கீழே சேர்ப்பது என்ன பாடு என்று மலையில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன்களைக் கேளுங்கள். பச்சிளம் குழந்தைகளின் எச்ஐவி பரிசோதனையில் அந்தப் பாட்டைத் தீர்த்தது ஒரு வடிதாள் அட்டை. ரத்தத் துளிகளை அதில் வட்டம் வட்டமாக உலரவைத்து அனுப்புவதால் டிபிஎஸ் (உலர்ந்த ரத்தத் துளி) கார்டு என்போம்.

எச்ஐவி உள்ள தாயின் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும். எதிர்ப்பொருளைத் தேடும் வழக்கமான பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் அது தாயுடையதா, குழந்தையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 6-வது வாரத்திலேயே பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை மூலம் வைரஸையே தேடுகிறோம். தொற்றிய குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை.

பிஞ்சு நரம்பைத் தேடி ஊசி குத்த வேண்டாம். பாதத்தைக் கதகதப்பாக்கி, குதிகாலின் பக்கவாட்டில் லான்செட் என்ற குட்டி ஊசிமுனையால் ஒரு குத்து. நடுவில் குத்தக்கூடாது, எலும்பு அருகில் இருக்கிறது. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தானாகத் திரளவிட வேண்டும். அட்டையில் உள்ள ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெரிய துளி. பிதுக்கினால் திசுநீர் கலந்துவிடும். "இவ்ளோதானா?" என்று தாய்மார்கள் கேட்கும்போது எனக்கும் மனசு லேசாகும்.

ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. அட்டையைக் கிடையாக, வெயில் படாமல், குறைந்தது நான்கு மணி நேரம் காயவைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைநாளில், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரம் போகாத அட்டையைக் கவரில் போட்டுவிட்டேன். மாதிரி செல்லாது என்று திரும்பி வந்தது. அந்தத் தாய் கைக்குழந்தையோடு மறுபடியும் வந்தார். என் தவறுக்கு அந்தக் குழந்தையின் குதிகாலில் இரண்டாவது குத்து.

இப்போது அட்டை பக்கத்தில் நேரம் எழுதி வைப்பேன். சிவப்பு மாறி ஒரே சீரான கரும்பழுப்பு வந்தபிறகுதான் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு ஜிப்லாக் கவருக்குள் போகும். ஈரங்காட்டி அட்டை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஜெல்லை மாற்றிவிடுவேன். அப்புறம் ஐஸ் வேண்டாம், தபாலே போதும்.

கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். 6-வது வாரத் தடுப்பூசிக்கு வரும் அன்றே எச்ஐவி உள்ள தாய்மார்களை, மற்றவர் காதில் விழாமல், குழந்தையோடு நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்புங்கள். பாசிட்டிவ் வந்தால் மறுமாதிரி எடுப்போம். அதன் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். நெகட்டிவ் வந்தாலும் 6, 12, 18-வது மாதங்களில் மீண்டும் வரச் சொல்லுங்கள். தாய்ப்பால் தொடர்கிறதல்லவா?