முப்பது மீட்டர் கறுப்பு ரிப்பன்

"டைனோசர் எல்லாம் எப்பப்பா செத்துச்சு?"
"ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி."
"அப்போ பாட்டி பொறந்துட்டாங்களா?"

ஏழு வயது மகளிடம் இப்படி மாட்டிக்கொண்ட வாசகர் ஒருவர், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளை மேல் தப்பில்லை. கோடி என்பது நமக்குமே வெறும் சொல்தான். குழந்தைகள் தொட்டுப் பார்த்துக் கற்கும் மாண்டிசோரி வகுப்புகளில் ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்கென்றே ஒரு நீளமான கறுப்புத் துணி உண்டு. அதன் நீளம்தான் பூமியின் வயது. கடைசி நுனியில் ஒரு மெல்லிய கோடு. அதுதான் மனித குலம்.

வீட்டிலேயே செய்யலாம். 30 மீட்டர் கறுப்பு ரிப்பன் வாங்கி மொட்டை மாடியில் வளைத்து வளைத்து விரியுங்கள். பூமிக்கு வயது 460 கோடி ஆண்டு. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் ஆண்டு. மகளை நடக்கவிடுங்கள். 25 மீட்டர் வரை விலங்கு என்று ஒன்றுமே கிடையாது. "இன்னும் வரலையா?" என்று அவள் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்புதான் பாடம்! டைனோசர்கள் அழிந்த இடம் நுனிக்கு 43 செ.மீ. முன்னால். நம் இனத்துக்கு மொத்தமே 2 மி.மீ. கல்லணை கட்டிய காலத்தைக் குறிக்கப் பார்த்தால் தலைமுடியே தடிமனாகிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? காலத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் மனசு அதை நீளமாக்கித்தான் பிடித்துக்கொள்கிறது. நெடுநாள், குறுகிய காலம், முன்னாள், பின்னாளில் என்று நாம் பேசுவதெல்லாம் இடத்தை அளக்கும் சொற்கள்தானே? கற்பனைக்குத் தீனி புலன்களிலிருந்துதான் வர வேண்டும் என்பது அந்த வகுப்பு முறையை உருவாக்கிய இத்தாலியர் மரியா மாண்டிசோரியின் கட்சி. 1939-இல் அடையாறுக்கு வந்தவர், போரால் ஊர் திரும்ப முடியாமல் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அவரது பாடமுறை பெரிதும் அங்கேதான் உருவானது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், கறுப்பு ஆகாது என்று மஞ்சள் துணி வாங்கினார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கும்போது மட்டும் ஆகுமாம்! நுனிக்கோட்டை மஞ்சளில் தேட வேண்டியிருந்தது.

சரி, பாட்டிக்கு எவ்வளவு இடம்? எழுபது வயதென்றால் அரை மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தயிரில் இருக்கும் பாக்டீரியாவின் நீளம்கூட வராது. இதை மட்டும் மகளிடம் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவளே வரட்டும்.