‘அவ முன்ன மாதிரி இல்ல’ என்று அழைத்து வருபவர்களுக்கு

போன வாரமும் என் உளவியல் ஆலோசனை அறைக்கு வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. அவர்களைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் கூடாது. அவசியமும் இல்லை. ஏனென்றால் வருகிற குடும்பங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வசனத்தைத்தான் பேசுகின்றன. கணவர் பேசுவார். மாமியாரோ, சில நேரம் பெண்ணின் சொந்த அம்மாவோ எடுத்துக்கொடுப்பார். “மேடம், எதுக்கெடுத்தாலும் சுள்ளுன்னு விழறா. ராத்திரி தூங்கறதில்ல. பிள்ளையப் போட்டு அடிக்கிறா. முன்ன மாதிரி ஆக்கிக் குடுங்க.” எவ்வளவு நாளாக என்று கேட்டால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்பார்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை? “பொம்பளைங்கன்னா கொஞ்சம் அப்படித்தானேன்னு விட்டுட்டோம்.”

அந்த இரண்டு வருடத்தில் தலைவலிக்கு ஸ்கேன், படபடப்புக்கு ஈசிஜி, அசதிக்கு குளுக்கோஸ் எல்லாம் முடிந்திருக்கும். மனச்சோர்வு நம் ஊரில் பெரும்பாலும் உடம்பு வலியாகவோ எரிச்சலாகவோதான் முதலில் வெளியே வரும். அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்தால்தான் மனச்சோர்வு என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. (தலைகீழாகவும் நடக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் மனசு என்று என்னிடம் தள்ளிவிடாதீர்கள்.)

சரி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு, விஞ்ஞானமே சொல்லிவிட்டது.’ யாரோ கோட் போட்டுக்கொண்டு பேசும் வாட்ஸ்அப் வீடியோவை என் மேஜை மேலேயே ஓடவிட்டுக் காட்டியவர்கள் உண்டு.

விஞ்ஞானம் சொன்னது என்ன? சராசரியாக ஆணின் மூளை அளவில் சற்றுப் பெரியது, உடம்பும் பெரியது என்பது அதற்கு ஒரு காரணம். அதற்கு மேல் சில பகுதிகளில் சராசரி வித்தியாசங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2015-இல் மூளை ஆய்வாளர் டாஃப்னா ஜோயலின் குழுவினர் 1,400-க்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தபோது, எல்லாப் பகுதியிலும் ‘ஆண் பக்கமே’ அல்லது ‘பெண் பக்கமே’ நிற்கும் மூளை அரிதாகத்தான் கிடைத்தது. பெரும்பாலான மூளைகள் கலவை. நடத்தையிலும் இதே கதைதான். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தார். கணக்கு, மொழித்திறன், தன்மதிப்பு, தலைமைப் பண்பு என்று எதை எதையோ அளந்த ஆய்வுகள். ஆண்-பெண் வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவை அல்லது இல்லவே இல்லை என்று சொல்லத்தக்கவை. பெரிதாக நின்றவை பந்து எறியும் வேகம் போன்ற சில. பந்து எறிவதை வைத்து யார் பாத்திரம் கழுவுவது என்று எப்படி முடிவுசெய்தீர்கள்?

இன்னொன்று: சராசரி என்பது உங்கள் மனைவி அல்ல. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம் என்பதால் உங்களைவிட உயரமான பெண் தெருவில் நடமாடாமல் இல்லை. ‘பெண்களுக்கு ஒரே நேரத்தில் பத்து வேலை பார்க்கும் மூளை’ என்பதும் இந்த ரகம்தான். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே யூனிஃபார்ம் பட்டன் தைப்பது பழக்கம். உங்களையும் பத்து வருடம் அப்படி விட்டால் உங்களுக்கும் வரும். கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆண். அங்கே மட்டும் இயற்கை விதி எங்கே போகிறது?

பழக்கம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதற்கு 1976-இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வைச் சொல்வேன். பெட்டியிலிருந்து துள்ளும் பொம்மையைப் பார்த்து ஒரு குழந்தை அழும் காட்சியைப் பலருக்கும் போட்டுக் காட்டினார்கள். அது ஆண் குழந்தை என்று நம்பிப் பார்த்தவர்கள், குழந்தை கோபப்படுகிறது என்று அதிகம் சொன்னார்கள். பெண் என்று நம்பிப் பார்த்தவர்கள், பயப்படுகிறது என்று அதிகம் சொன்னார்கள். ஒரே குழந்தை, ஒரே படம்.

எங்கள் தொழிலும் யோக்கியம் இல்லை. 1970-இல் உளவியலாளர் புரோவர்மனின் குழு 79 மனநல நிபுணர்களிடம் ‘ஆரோக்கியமான மனிதர்’, ‘ஆரோக்கியமான ஆண்’, ‘ஆரோக்கியமான பெண்’ எப்படி இருப்பார்கள் என்று கேட்டது. மனிதரும் ஆணும் ஒன்றாகவே இருந்தார்கள். பெண் மட்டும் அதிகம் பணிந்துபோகிறவளாக, எளிதில் உணர்ச்சிவசப்படுகிறவளாக வரையப்பட்டாள். அதாவது ஒரு பெண் நல்ல பெண்ணாக இருந்தால் முழு ஆரோக்கியமான மனிதராக முடியாது. பதில் சொன்னவர்களில் பெண் நிபுணர்களும் இருந்தார்கள். பெண்களின் கோளாறு என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட ஹிஸ்டீரியா என்ற பெயரில் தனி நோய் அமெரிக்க மனநலக் கையேட்டிலிருந்து காணாமல் போனதே 1980-இல்தான்.

“நாங்க ஒண்ணும் கொடுமை பண்ணல மேடம், ராணி மாதிரி வெச்சிருக்கோம்.” இதையும் அடிக்கடி கேட்கிறேன், அவர்கள் பொய் சொல்லவில்லை. தனியாக வங்கிக்கு அனுப்ப மாட்டார்கள், கஷ்டப்படக் கூடாதாம். வண்டி ஓட்ட விட மாட்டார்கள், விழுந்துவிடுவாளாம். உளவியலாளர்கள் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் இருவரும் 1996-இல் இதைத்தான் அளந்தார்கள்: பகையோடு வரும் பாகுபாடு ஒன்று, பாசத்தோடு வரும் பாகுபாடு இன்னொன்று. பிறகு 19 நாடுகளில் பார்த்தபோது, இரண்டும் ஒன்றாகவே உயர்ந்து ஒன்றாகவே தாழ்ந்தன. ராணி தனியாகக் கடைக்குப் போக ஆரம்பிக்கும் நாளில் பாசம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள், புரியும்.

அப்புறம் வேலைக் கணக்கு. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு சராசரியாக 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், சம்பளமும் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. இதை எந்த மாத்திரை குறைக்கும்? (மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். நான் உளவியல் ஆலோசகர். தேவைப்பட்டால் அவரிடம் அனுப்புவேன், மாத்திரை பலருக்கு உயிர் காக்கும்.)

இந்தக் கணக்கைச் சொன்னதும் சிலர் முகம் மாறும். ‘பெண்ணியம் பேசற ஆள்கிட்ட கூட்டிட்டு வந்துட்டோமே’ என்று. பெண்ணிய உளவியல் யார் வீட்டையும் பிரிப்பதில்லை. இவளுக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன் இவள் எந்தச் சூழலில் வாழ்கிறாள் என்று கேட்கிறது, அவ்வளவுதான். அதே கேள்வி ஆண்களுக்கும் உதவும். 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர், அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். ஆண்கள் 1,18,979 பேர். ‘ஆம்பளைப் பையன் அழலாமா’ என்று நாலு வயதில் வாயை அடைத்தால், நாற்பதில் கடனோ குடியோ கழுத்தை நெரிக்கும்போது அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? மனைவியை அழைத்து வந்த கணவர்களில் சிலருக்கே என் நாற்காலி தேவைப்பட்டிருக்கிறது. (ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் படும் பாடு தனிக் கட்டுரை, எழுதுவேன்.)

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், எரிச்சல் தணியாவிட்டால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், ஆணோ பெண்ணோ, அழைத்து வாருங்கள். பிரசவமான வீடு என்றால் இன்னும் சீக்கிரம். ‘செத்துப்போலாம் போல இருக்கு’ என்று யார் சொன்னாலும் நாடகம் என்று சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள். 14416 டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு உதவி எண் 181. மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையை, நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் அறைக்கு வரும்போது தயவுசெய்து நீங்கள் அழைத்து வந்தவரைப் பேச விடுங்கள். நான் பெயர் கேட்டால் அதற்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியதில்லை. பாதி நேரம் அவர் தனியாகத்தான் பேசுவார், வெளியே நாற்காலியும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம், உட்கார்ந்திருங்கள்.