மின்பேருந்து வாங்கும் முன் இன்னொரு நகரத்தைக் கேளுங்கள்

இரவு பதினொன்றரை மணி. கடைசி நடை முடித்து வந்த பேருந்துகள் பணிமனையில் வரிசை பிடித்து நிற்கின்றன. பணியில் இருந்த மேற்பார்வையாளர் சார்ஜர் கேபிளைக் கையில் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார். "சார், இந்த பிளக் அந்த வண்டிக்குப் போகாது, அது இந்த வண்டிக்குப் போகாது. பாதி சார்ஜர் சும்மா நிக்குது. காலையில அஞ்சு மணிக்கு நான் எத்தனை வண்டிய வெளியே விடுறது?"

நடந்தது இதுதான். முதல் தவணைப் பேருந்துகள் ஒரு நாட்டின் உதவித் திட்டத்தில் வந்தவை. அவற்றில் இருந்தது ஜிபி/டி என்ற சீனத் தரத்து பிளக். இரண்டாவது தவணை வேறொரு கடனுதவியில் வந்தது. அதில் ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ள சிசிஎஸ்2. இரண்டு திட்டங்களும் தத்தம் காகிதத்தில் சரியாகவே இருந்தன. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"ஒரு அடாப்டர் போட்டால் தீராதா?" என்று பலர் கேட்பார்கள். வீட்டு பிளக் போல அல்ல இது. மின்சாரம் பாய்வதற்கு முன் வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ள வேண்டும்: எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்று. ஜிபி/டி இந்தப் பேச்சுக்குத் தனிக் கம்பிகளை வைத்திருக்கிறது. சிசிஎஸ் தன் கட்டுப்பாட்டுக் கம்பியின் மேலேயே உயர் அதிர்வெண் சைகையை ஏற்றி அனுப்புகிறது. பிளக்கின் வடிவம் மட்டுமல்ல, மொழியே வேறு.

நகரங்களுக்கு சார்ஜிங் வசதி வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். மின்வாகனம் தொடர்பான சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மாநாட்டு மேடையும் கைகுலுக்கலும் அல்ல, அந்த இரவுதான். மேடைகளுக்குக் குறைவே இல்லை. பல நாடுகளின் அரசுகள் சேர்ந்து 2010-இல் மின்வாகன முன்முயற்சியைத் தொடங்கின. அதன் கீழ் 2018-இல் நூறு நகரங்களை இலக்காக வைத்து ஒரு முன்னோடித் திட்டமும் வந்தது. காலநிலைக்காகக் கைகோத்த பெருநகரங்களின் சி40 கூட்டமைப்பைச் சேர்ந்த 12 நகரங்கள், 2025 முதல் புகையில்லாப் பேருந்துகளை மட்டுமே வாங்குவோம் என்று 2017-இல் உறுதி கொடுத்தன. லண்டன், பாரிஸ், கீட்டோ, கேப் டவுன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அறிவிப்புகள் அவசியம்தான், அரசியல் விருப்பம் இல்லாமல் ஒரு டிரான்ஸ்பார்மர்கூட நகராது. ஆனால் அந்த விருப்பம் பணிமனை வாசல்வரை வந்து சேர வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சான்டியாகோ. சிலி நாட்டின் அந்தத் தலைநகரம் பேருந்துகளை யார் வாங்குவது என்ற கேள்வியைப் புதிதாக யோசித்தது. மின்பேருந்தின் விலையில் பெரும்பங்கு பேட்டரி; மொத்தத்தையும் முதலிலேயே போட பேருந்து இயக்குபவரிடம் பணம் இருக்காது. ஆகவே ஒரு மின்சார நிறுவனம் பேருந்துகளையும் சார்ஜர்களையும் வாங்கி, இயக்குபவருக்குக் குத்தகைக்கு விட்டது. 2018-இல் அப்படி இறங்கியவை நூறு பேருந்துகள். இன்று அந்த நகரில் ஓடுபவை இரண்டாயிரத்துக்கும் மேல். பிறகு கொலம்பியாவின் பொகோட்டாவும் பேருந்தின் உரிமையை ஒருவரிடமும் இயக்கத்தை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுத்து 1,485 மின்பேருந்துகளைக் கொண்டுவந்தது. ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போக வேண்டியவற்றில் ஒப்பந்த வாசகத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழுக்கள் ஒப்பந்த நகலைக் கேட்காமல் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சீனாவின் ஷென்சென் 2017 முடிவதற்குள் தன் பேருந்துகள் அனைத்தையும், அதாவது 16,000-க்கும் மேற்பட்டவற்றை, மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து எல்லோரும் கொண்டுவருவது அந்த எண்ணிக்கையை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் இரவு நேரச் சார்ஜிங்கும் மின்கட்டமைப்புத் திட்டமிடலும். ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் பேருந்து கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 யூனிட் எடுத்தால் ஒரு இரவில் 240 யூனிட் ஏற்ற வேண்டும். ஒரு பணிமனையில் இருக்கும் எண்பது பேருந்துகளையும் ஆளுக்கொரு 80 கிலோவாட் சார்ஜரில் ஒரே நேரத்தில் செருகினால் மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் பணிமனை இழுக்கும் லோடு 6.4 மெகாவாட். அதையே இரண்டு பிரிவாக்கி ஆறு மணி நேரத்தில் ஏற்றினால் 3.2 மெகாவாட் போதும். டிரான்ஸ்பார்மரும் கேபிளும் பாதியாகக் குறையும். இந்தக் கணக்கை டெண்டருக்கு முன்னால் போட்டவர்களும் உண்டு, டெண்டருக்குப் பின்னால் போட்டவர்களும் உண்டு. பின்னால் போட்டவர்கள் அனுபவத்தை வெளியே சொன்னால்தான் அடுத்த நகரம் தப்பிக்கும்.

சார்ஜர்களை இப்படிப் பிரித்து இயக்க ஒரு மென்பொருள் தேவை. எந்த நிறுவனத்தின் சார்ஜராக இருந்தாலும் எந்த நிறுவனத்தின் மென்பொருளோடும் பேசும்படி ஓசிபிபி என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. 2009-இல் நெதர்லாந்தில் பிறந்து, இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காசு கொடுத்து உரிமம் வாங்கத் தேவையில்லை. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால், விற்றவர் சேவையை நிறுத்திய அன்றே மொத்த சார்ஜர்களையும் கையால் இயக்க வேண்டிவந்த பணிமனையை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2022-இல் ஐ.நா. அமைப்பின் கீழ் பேட்டரி ஆயுளுக்கான உலகளாவிய விதி ஒன்று ஏற்கப்பட்டது. கார் என்றால் ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதக் கொள்ளளவும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும். நல்ல விதி. ஆனால் அது கார், வேன் போன்ற இலகு வாகனங்களுக்கானது. பேருந்து வாங்கும் நகரம் தன் உத்தரவாத வரிகளைத் தானேதான் எழுதிக்கொள்ள வேண்டும். விதி இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது.

உதவி வந்து போன பிறகு என்ன ஆகும் என்பதற்குக் காத்மாண்டுவைச் சொல்லலாம். 1990-களில் அமெரிக்க உதவியோடு டீசல் மூன்று சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றி அங்கே சஃபா டெம்போ பிறந்தது. 1999-இல் டீசல் டெம்போக்கள் பள்ளத்தாக்கிலிருந்து விலக்கப்பட்டன. சுமார் 600 மின்வண்டிகள் ஓடின. ஓட்டுநர்களில் பெண்கள் ஏராளம். உலகமே மின்வாகனத்தைக் கனவு கண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்தது அது! பிறகு வளர்ச்சி நின்றுபோனது. ஈய பேட்டரியை அடிக்கடி மாற்றும் செலவு ஒருபக்கம், புதிதாக வந்த மைக்ரோ பஸ்களின் போட்டி மறுபக்கம். தொடங்கிவைக்கக் கிடைத்த கை, பேட்டரி மாற்றும் வேளையிலும் கிடைத்திருந்தால் அந்தக் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணக்கார நகரங்கள் மின்சாரத்துக்கு மாறும்போது அவை கழிக்கும் பழைய வண்டிகள் எங்கே போகின்றன? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2015 முதல் 2018 வரை 1.4 கோடி பழைய இலகு வாகனங்கள் உலக அளவில் ஏற்றுமதியாயின. அவற்றில் சுமார் 80 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போயின. ஒரு நகரத்தில் குறையும் புகை கப்பலேறி இன்னொரு நகரத்துக் குழந்தையின் நுரையீரலுக்குப் போவதை ஒத்துழைப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஏற்றுமதி செய்யும் நாடும் இறக்குமதி செய்யும் நாடும் புகை அளவு, வண்டியின் வயது ஆகியவற்றில் ஒரே கோட்டை வரைய வேண்டும். பழைய மின்வாகனங்கள் போகத் தொடங்கும்போது தேய்ந்த பேட்டரிகளுக்கும் அதே கோடு தேவைப்படும்.

உங்கள் நகரம் வெளிநாட்டுக்கு ஆய்வுக்குழு அனுப்புகிறது என்றால், யார் போகிறார்கள் என்று கேளுங்கள். அதிகாரிகள் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரும் போக வேண்டும். நான் பணிபுரிந்த ஒரு திட்டத்தில் மிகவும் வற்புறுத்தி இரண்டு எலக்ட்ரீஷியன்களை இன்னொரு நாட்டுப் பணிமனையில் பத்து நாள் தங்க வைத்தோம். திரும்பி வந்தவர்களின் கையில் ஒரு நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் இருந்தது: "வண்டி கழுவின உடனே சார்ஜ் போட வேண்டாம். சாக்கெட்டில் ஈரம் இருந்தால் இன்சுலேஷன் டெஸ்ட் (மின்கசிவுச் சோதனை) பெயில். சார்ஜர் பழுது இல்லை."

அதுவரை எங்கள் பணிமனையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நல்ல சார்ஜரையே கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாளிலிருந்து சார்ஜ் ஏறிய பிறகே வண்டி கழுவப் போனது. அடுத்த பக்கத்தில், தரையில் கிடக்கும் கேபிள் மேல் சக்கரம் ஏறாமலிருக்க அதை மேலே தொங்கவிடும் கொக்கியின் படம், அளவோடு பென்சிலில் வரைந்திருந்தது. அந்த வாரமே பட்டறையில் நாற்பது கொக்கிகள் அடித்தோம்.