கைகளைப் பிசையும் குழந்தை: ரெட் நோய்க்குறியும் ஒரு புரதமும்

பத்தாம் மாதத்தில், தரையில் சிதறிய பொரியை விரல் நுனியால் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்ட மகளைத் தாய் கைபேசியில் காட்டினார். இரண்டு வயதான அதே குழந்தை அவர் மடியில், துணி பிழிவதைப் போல இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தாள். நீட்டிய பொம்மையைக் கண்ணால் பற்றினாளே தவிர, கை எழவில்லை. முன்பு பார்த்த இடத்தில் ஆட்டிசம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

கற்ற கைத்திறன் திரும்பிப் போனால் ரெட் நோய்க்குறியை நினைக்க வேண்டும். வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966இல் விவரித்த இந்நோய், ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மெக்பி-2 மரபணுவின் பிறழ்வே காரணம் என்பதை ஹூதா சோக்பியின் குழு 1999இல் கண்டறிந்தது.

டிஎன்ஏவின் எழுத்து மாறாமலேயே அதன்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி ஒட்டிக்கொள்வதுண்டு. அக்குறியைத் தேடி அமரும் மெக்பி-2 புரதம், வேறு சில புரதங்களையும் அவ்விடத்துக்கு வரவழைத்து, மரபணுக்களின் வேகத்தை மின்விசிறி ரெகுலேட்டரைப் போலத் தணிக்கிறது. அது பழுதானால் மூளையில் ஏராளமான மரபணுக்களின் வேகம் சிறிது சிறிதாகப் பிசகுகிறது. நரம்பணுக்கள் மடிவதில்லை, ஆனால் சிறுத்து, கிளை குறைந்து நிற்கின்றன. அதனால்தான், 2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு நோயுற்ற எலிகளில் அம்மரபணுவை மீண்டும் இயக்கியபோது அறிகுறிகள் பெருமளவு பின்வாங்கின. இச்செய்தியை வாட்ஸ்அப்பில் காட்டிக் கேட்கும் பெற்றோரிடம், இப்புரதம் மிகுந்தாலும் கேடுதான், அம்மரபணு இரட்டித்த ஆண் குழந்தைகளுக்கும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடு உண்டாகிறது, ஆகவே மரபணுச் சிகிச்சையில் அளவே பெரிய சிக்கல் என்று சொல்கிறேன்.

“மாசமா இருந்தப்ப நான் என்ன தப்புப் பண்ணேன் டாக்டர்?” என்றார் தாய். மாமன் மகனைக் கட்டியதுதான் காரணம் என்று வீட்டில் பேச்சாம். இரண்டும் காரணமல்ல; இப்பிறழ்வு பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது புதிதாக நேர்வது. இதைச் சொல்லும்போது பழி தந்தையின் பக்கம் தாவிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாததால்தான் மரபணுப் பரிசோதனை தேவை.

முடிவு உறுதியானபின் வலிப்பு, முதுகெலும்பு வளைவு, இசிஜி ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்துவருகிறோம். அடுத்த முறை வந்தபோது தாய் இரண்டு அட்டைகள் செய்து வந்திருந்தார்: ஒன்றில் பால் டம்ளர், மற்றொன்றில் தண்ணீர்ச் சொம்பு. கைகள் பிசைந்தபடியே இருக்க, குழந்தையின் கண்கள் பால் டம்ளரில் போய் நின்றன.