கெர்னல் ஹெடர்: பெயர் ஒன்று, பொதி இரண்டு

சேலத்துக்காரருக்கு 'கெர்னல்' என்ற சொல்லை விளக்க ஒரு மாங்கொட்டை போதும். ஓட்டைப் பிளந்தால் உள்ளே இருக்கும் பருப்புதான் கெர்னல். பழைய ஆங்கிலத்தில் தானியத்தைக் குறித்த சொல்லோடு குறுமை விகுதி சேர்ந்து, சின்ன விதை என்ற பொருளில் பிறந்தது. அப்படியானால் நேர்த் தமிழ் 'பருப்பு'. கணினியில், இயங்குதளத்தின் உள்ளே இருந்து வன்பொருளை ஆளும் மைய நிரலுக்கும் இதே பெயர். ஆனால் 'லினக்ஸ் பருப்பு' என்று எழுதிப் பாருங்கள், அந்தப் பருப்பு வேகாது. 'கருனி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கும் அது சரி.

ஹெடர் என்பது, வேறு இடத்தில் உள்ளவற்றின் பெயர்களை நிரலுக்குச் சொல்ல, சி மொழி நிரலின் தலைமாட்டில் சேர்க்கப்படும் கோப்பு. தலைப்புக் கோப்பு எனலாம்.

அஞ்சு ரோட்டில் அறை எடுத்துப் படிக்கும் தம்பி ஒருவர், வைஃபை டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் நிரலை) கம்பைல் செய்ய 'கெர்னல் ஹெடர்' வேண்டும் என்று கேள்விப்பட்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் லினக்ஸ்-லிப்சி-டெவ் பொதியை (பேக்கேஜை) நிறுவியிருந்தார். 'பில்ட் அடைவு இல்லை' என்று, கம்பைல் வேலையை நடத்தும் மேக் கட்டளை நின்றுவிட்டது.

அவர் நிறுவியது சி நூலகத்துக்கான தலைப்புகள். சாதாரண நிரல்களுக்கும் கருனிக்கும் நடுவே நிற்பது அந்த நூலகம். இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் கருனி −2 என்று திருப்பும். சி நூலகம் அதை எர்நோ என்ற மாறியில் 2 ஆக வைக்கும். அந்த 2-க்கு 'எனோஎன்ட்' (அப்படிக் கோப்பு இல்லை) என்று பெயர் சூட்டும் வரி, எர்நோ தலைப்பிலிருந்து சில கோப்புகள் தாண்டிப் போனால், கருனி தந்த கோப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் சி நூலகத்தின் தலைப்புகளைத் தரும் லிப்சி6-டெவ் பொதி லினக்ஸ்-லிப்சி-டெவ்வைச் சார்ந்திருக்கிறது. இதன் பதிப்பு ஓடும் கருனியோடு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. பழைய நிரல்களோடு போட்ட ஒப்பந்தத்தை கருனி முறிக்காது என்பது விதி.

டிரைவர் கதை வேறு. அது கருனிக்கு உள்ளேயே போய் உட்காரும் கூறு (மாட்யூல்). அதற்கு லினக்ஸ்-ஹெடர்ஸ் வேண்டும், அதுவும் ஓடும் கருனியின் அதே பதிப்பில். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலோ கெர்னல்-ஹெடர்ஸ் என்பது முதல் வகை, கெர்னல்-டெவல்தான் இரண்டாவது! பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல.

தமிழிலாவது பிரித்துச் சொல்லலாம்: முன்னது கருனி இடைமுகத் தலைப்புகள், பின்னது கருனிக்கூறு தலைப்புகள். 'டெவ்' பொதிக்கு 'உருவாக்கப் பொதி' பொருந்தும்.

சரி, தம்பிக்குச் சரியான பொதியை இறக்க இணையம் வேண்டுமே, வைஃபைதான் இல்லையே. அப்புறம் அவருடைய போனையே யூஎஸ்பி ஒயரில் மாட்டி இறக்கினோம்.