1.6 மீட்டர் எங்கிருந்து வந்தது?

இயக்கவியல் தேர்வு கடினமாக இருந்துவிட்டால், அறையை விட்டு வெளியே வருபவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "கடைசிக் கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" ஒருவர் 1 என்பார், பக்கத்தில் நிற்பவர் 1.6 என்பார், மூன்றாமவர் 1.02 என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கலவரமாகப் பார்ப்பார். அப்புறம் யார் பக்கம் ஆள் அதிகம் என்று தலை எண்ணத் தொடங்குவார்கள். தலை எண்ணுவதைவிட எண்களையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இயக்கவியலில் தவறான விடைகூடச் சும்மா வந்துவிடாது. எந்த வரியில் கால் வழுக்கியது என்பதைப் பெரும்பாலும் விடையே காட்டிக்கொடுத்துவிடும்.

பழகிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொரசொரப்பான மேசைமேல் 5 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு மேசை விளிம்பில் உள்ள வழவழப்பான கப்பியின் மேல் சென்று கீழே இறங்குகிறது; மறுமுனையில் 3 கிலோ கல் தொங்குகிறது. உராய்வுக் குணகம் 0.2. கல் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கையை எடுத்ததும் கல் இறங்கித் தரையில் மோதி அங்கேயே நின்றுவிடும், கயிறு தொய்ந்துவிடும். அதற்குப் பிறகு கட்டை எவ்வளவு தூரம் சறுக்கி நிற்கும்?

முதல் கட்டத்தில் கல்லும் கட்டையும் சேர்ந்தே நகர்கின்றன. இழுப்பது 3 கிலோவின் எடை. தடுப்பது உராய்வு, 5 கிலோவில் 0.2 பங்கு, அதாவது 1 கிலோவின் எடைக்குச் சமம். மிஞ்சுவது 2 கிலோவின் எடை. அது 8 கிலோவை நகர்த்தியாக வேண்டும். ஆகவே முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் (9.8 மீ/வி²) கால் பங்கு: 2.45 மீ/வி². கல் தரையைத் தொடும்போது வேகத்தின் வர்க்கம் 2 × 2.45 × 0.8, அதாவது 3.92. அதன் பிறகு கட்டையின் மேல் உராய்வு மட்டும்தான், வேகம் 1.96 மீ/வி² வீதத்தில் குறைகிறது. 3.92ஐ 1.96இன் இருமடங்கால் வகுத்தால் சரியாக 1 மீட்டர்.

தேர்வு முடிந்ததும் நடக்கும் சண்டைகளில் பாதி "நீ 9.8 போட்டியா, 10 போட்டியா?" என்பதில்தான் தொடங்கும். இந்தக் கணக்கில் அந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. வேகம் ஏறுவதும் ஈர்ப்பு முடுக்கத்துக்கு ஏற்பத்தான், உராய்வு அதைக் குறைப்பதும் அதற்கு ஏற்பத்தான். வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகின்றன. நிலவில் செய்து பார்த்தாலும் 1 மீட்டர்தான் வரும், என்ன, கொஞ்சம் நிதானமாக வரும். முடுக்கத்தையே கேட்டிருந்தால்தான் 2.45, 2.5 என்ற வேறுபாடு தெரியும். 9.80665 என்ற தரமதிப்பு 1901இல் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. உண்மையான மதிப்போ நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. எனவே 9.81 போட்டுவிட்டு 2.4525 என்று நான்கு தசம இடம்வரை எழுதுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சரி, 1.02 சொன்னவர்? அவருக்கு இயக்கவியல் நன்றாகவே தெரியும். வேகத்தை 1.98 என்று கண்டுபிடித்து, வசதிக்காக 2 என்று முழுமையாக்கி, அதை மறுபடி வர்க்கப்படுத்தியிருக்கிறார். 3.92 இருக்க வேண்டிய இடத்தில் 4 உட்கார்ந்துவிட்டது. வேகத்தில் 1 விழுக்காடு பிசகினால் வர்க்கத்தில் அது இரண்டாகிவிடும். அடுத்த வரியில் வர்க்கம்தான் தேவை என்று தெரிந்தால் வர்க்கமூலம் எடுக்கும் வேலையே வேண்டாம்.

1.8 சொன்னவர் கணக்கைச் சரியாகவே போட்டுவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார். முதலில் நகர்ந்த 0.8 மீட்டரையும் சேர்த்துவிட்டார். 1.5 வந்திருந்தால் முதல் கட்டத்தில் உராய்வு மறந்துபோயிருக்கிறது. 2 வந்திருந்தால் உராய்வு நினைவில் இருந்தது, ஆனால் குறி மாறி இழுப்பவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

உண்மையான சிக்கல் 1.6தான். கயிற்றின் இழுவிசை தொங்கும் கல்லின் எடைக்குச் சமம், அதாவது 29.4 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால் இது வரும். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 3 கிலோ தொங்குகிறது, கயிறு அதைத் தாங்குகிறது. கல் அசையாமல் தொங்கினால் அது சரிதான். ஆனால் கல் வேகமெடுத்துக் கீழே வருகிறது. இழுவிசை எடைக்குச் சமமானால் கல்லின் மேல் மிச்ச விசை ஏது? மிச்ச விசை இல்லாவிட்டால் வேகம் ஏறுவது எப்படி? உண்மையான இழுவிசை 22.05 நியூட்டன்தான்.

இப்போது இன்னொருவர் வருகிறார். அவர் விசைகளையே தொடவில்லை. ஆற்றல் முறையில் போட்டிருக்கிறார். கல் 0.8 மீட்டர் இறங்கியதில் இழந்த நிலை ஆற்றல் 23.52 ஜூல். அதை உராய்வு முழுவதுமாகத் தின்றது என்றால், 9.8 நியூட்டன் உராய்வுக்கு மொத்தம் 2.4 மீட்டர், முதல் 0.8ஐக் கழித்தால் 1.6! இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு முறை, ஒரே விடை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அந்த இருவரும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

உண்மையில் இரண்டும் ஒரே தவறுதான். கல் தரையில் மோதும்போது அதனிடமும் இயக்க ஆற்றல் இருக்கிறது: 3.92ஐ 3 கிலோவால் பெருக்கிப் பாதியாக்கினால் 5.88 ஜூல். அது மோதலோடு போய்விடுகிறது, கட்டைக்குக் கிடைப்பதில்லை. ஆற்றல் முறைக்காரர் இந்த 5.88ஐ விட்டுவிட்டார். இழுவிசையை எடைக்குச் சமமாக்கியவரும் தெரியாமலே அதையே செய்தார். கல் தன் எடை முழுவதையும் கட்டையிடம் கொடுத்துவிட்டு, தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் வேகமெடுத்ததாக வைத்துக்கொண்டார். சரியான கணக்கில் 1.8 மீட்டருக்கு உராய்வு எடுப்பது 17.64 ஜூல், மோதலில் போன 5.88ஐச் சேர்த்தால் 23.52. ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை.

தலை எண்ணுவதில் உள்ள ஆபத்தும் இதுதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785இல் இதைக் கணக்காகவே காட்டினார். ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்து, ஒவ்வொருவருக்கும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பும் பெருகும். வாய்ப்பு பாதிக்குக் கீழே போனால் கதை தலைகீழ். கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை தவறாக இருக்கும் வாய்ப்புதான் பெருகும். எளிய கணக்குக்குப் பெரும்பான்மையை நம்பலாம். தேர்விலேயே கடினமான கணக்குக்கு அதே நம்பிக்கை செல்லாது, அதுவும் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குபவர்களாக இருந்தால். அப்படி வழுக்குவதும் உண்டு. 1982இல் ஜான் கிளமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மேலே சுண்டிவிட்ட நாணயம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளைக் குறிக்கும்படி பொறியியல் மாணவர்களைக் கேட்டார். கையை விட்டுப் போன பிறகு, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், கீழ்நோக்கிய ஈர்ப்பு மட்டும்தான். பெரும்பாலானவர்கள் மேல்நோக்கியும் ஓர் அம்புக்குறி போட்டார்கள். அவர்களில் இயக்கவியல் படித்து முடித்தவர்களும் இருந்தார்கள்.

நண்பரின் விடையைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: கணக்கில் உள்ள எண்ணை மிகைப்படுத்திப் பார்ப்பது. தொங்கும் கல்லை 100 கிலோ ஆக்குங்கள். சரியான வழியில் முடுக்கம் 99ஐ 105ஆல் வகுத்த பங்கு. ஈர்ப்பு முடுக்கத்தை நெருங்குகிறது, தாண்டவில்லை. இழுவிசையை எடைக்குச் சமமாக்கிய வழியில் 99ஐ 5ஆல் வகுக்க வேண்டிவரும். ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு. கட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டு விழும் கல், தனியாக விழும் கல்லைவிட வேகமாக விழ முடியாது. அந்த வழி அங்கேயே அடிபட்டுவிடுகிறது. 2 மீட்டர்காரரைப் பிடிக்க உராய்வுக் குணகத்தை உயர்த்தினால் போதும். அவருடைய சமன்பாட்டில் மேசை சொரசொரப்பாக ஆக ஆகக் கட்டை இன்னும் வேகமாக ஓடும். 1.5 சொன்னவரின் முடுக்கத்தில் உயர்த்திப் பார்க்க உராய்வே இருக்காது.